டீச்சரம்மா பதில்கள்: ஐப்பசி மழையும் வீட்டு வாண்டுகளும்

(குழந்தை வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

எல்.கே.ஜி. படிக்கும் என் மகளின் புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒரு படம். மரமெல்லாம் சிவப்பு, தரையெல்லாம் இலை, பிள்ளைகள் ஸ்வெட்டரோடு நிற்கிறார்கள். “நம்ம தெருவுக்கு இது எப்போ வரும்?” என்று தினமும் கேட்கிறாள். எங்கள் தெருவில் இருப்பது ஒரு வேப்பமரமும் ஒரு புங்கமரமும்தான். என்ன சொல்வது?
– வாசகி, சத்துவாச்சாரி

அந்த மரம் ஏன் சிவக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். நாலு வயசுக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள், புரியும்.

குளிர் நாடுகளில் செப்டம்பருக்குப் பிறகு பகல் மளமளவென்று சுருங்கும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். வெளிச்சம் குறைந்து குளிர் ஏறும்போது மரம் இலையிலிருக்கும் பச்சையத்தை உடைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்கள் சிவப்பைப் புதிதாகவே உண்டாக்கும். அப்புறம் இலை விழும். வேலூரில் பகல் அவ்வளவு சுருங்குவதில்லை. வருஷம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். நம் மரங்கள் தாங்கவேண்டியது தண்ணீர்ப் பஞ்சத்தை. அதனால் மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில்தான் உங்கள் வேம்பும் புங்கனும் இலை கொட்டும். அவளுக்குச் சிவப்பு இலைதான் வேண்டுமென்றால் தை, மாசியில் நாட்டு பாதாம் மரம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய இலை, செக்கச்செவேலென்று கீழே கிடக்கும்.

இனி, இப்போது நம் தெருவுக்கு வந்திருப்பது என்ன என்று காட்டுங்கள். நம் பெரியவர்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு “கோவிந்தா” என்று வாசலுக்கு வந்த பசங்க ஓய்ந்ததும் இது தொடங்கிவிடும். காற்று திசை மாறியிருக்கும். ஆடியில் மேற்கேயிருந்து அடித்த காற்று இப்போது வடகிழக்கிலிருந்து வரும். மொட்டை மாடிக் கொடிக்கயிற்றில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டு, எந்தப் பக்கம் பறக்கிறது என்று தினம் அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜூன் கடைசியில் ஆறே முக்கால் வரைக்கும் வெளிச்சம் இருந்தது; நவம்பரில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் இறங்கிவிடும். ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் கூடை கூடையாகச் சாலையோரத்துக்கு வந்திருக்கும். பச்சை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உப்புப் போட்டு அவிக்கிற வாசனை வரும். (ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முழுக் கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். நசுக்கிக் கொடுங்கள். சீத்தாக்கொட்டையை நசுக்கிய கை கண்ணில் படவே கூடாது.)

மழை விட்ட மறுநாள் ஈரமண்ணில் சிவப்பு வெல்வெட்டாகப் பட்டுப்பூச்சி ஊரும். ராத்திரி விளக்கைச் சுற்றி ஈசல். பகலில் தாழப் பறக்கிற தட்டான் கூட்டம். அந்தத் தட்டான்களில் ஓர் இனம் இந்தப் பருவத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரைக்கும் கடல் தாண்டிப் போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். உங்கள் வீட்டு மாடிக்கு மேலே சுற்றுகிற தட்டானைப் பற்றித்தான் சொல்கிறேன். இதை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

நான் ஒன்றாம் வகுப்பு எடுத்தபோது பனிமனிதன் போட்ட பருவகாலச் சார்ட் ஒன்று சுவரில் தொங்கும். அதன் பக்கத்தில் வெறும் அட்டை ஒன்றை மாட்டிவைப்பேன். பசங்க கொண்டுவருவதெல்லாம் அதில் ஒட்டப்படும்: ஈசல் சிறகு, மல்லாட்டைத் தோல், மயிலிறகு, உதிர்ந்த பவளமல்லி. உங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஓர் அட்டை மாட்ட இடமிருக்கும்.

மூன்று வயதில் ஒன்று, பத்து மாதத்தில் ஒன்று. மழை தொடங்கியதிலிருந்து மாற்றி மாற்றிச் சளி. தூறலில் காலை வைத்தாலே அத்தை என்னைத் திட்டுகிறார். பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமா? போன வருடம் மிச்சமான இருமல் மருந்து இருக்கிறது, கொடுக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

இருமல் மருந்தை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இருமல், சளி மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அந்தச் சமயத்தில் கலப்படமான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சளி வைரஸால் வருகிறது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்திருந்தால்தான் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதாகத் தாவும். இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமான விஷயம். பெரியவளைத் தூறலில் கால் நனைக்க விடுங்கள். வந்ததும் தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, மிளகு ரசம் சாதம் ஊட்டுங்கள். இடி இடித்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும், அதில் தளர்வே கிடையாது. சின்னதுக்குத் தாய்ப்பால்தான் மருந்து. மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கிற உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படக் கூடாது. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து மார்பில் தேய்ப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அது வலிப்பைக் கொண்டுவரும், தயவுசெய்து வேண்டாம். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற தண்ணீர்ப் பக்கத்திலும் உட்கார வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் அத்தை திட்டுவது பயத்தில். எண்ணுவதை அவருக்கும் கற்றுக்கொடுத்து, “நீங்களே பாத்து சொல்லுங்க அத்தை” என்று கடிகாரத்தைக் கையில் கொடுங்கள்.

துணி நாப்கின் காயவே மாட்டேன் என்கிறது. கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் காயவைக்கிறோம். சரியா?
– வாசகி, வாலாஜாபேட்டை

புகை குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. நன்றாகப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே இரவெல்லாம் போட்டு, காலையில் இஸ்திரி போடுங்கள். அதுவும் முடியாத நாலு நாளைக்குக் கடை டயப்பர் வாங்கினால் குற்றமில்லை.

எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு. என் மகனுக்கு ஐந்து வயது. சாயந்திரம் ஆறு மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிடுகிறேன். போதுமா?
– வாசகர், காட்பாடி

போதாது. டெங்குவைக் கொண்டுவருகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அது முட்டை போடுவது உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும். இந்த வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு குச்சி: பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி, தேங்காய் ஓடு, பழைய டயர், நாய்க்கு வைத்த கிண்ணம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை மட்டும் நீங்கள் பாருங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் இருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டெங்குவில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே திரண்டு பார்க்கப் போகிறது. ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பசங்க. காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவி கூடவே கூடாது என்கிறாள்.
– வாசகர், விரிஞ்சிபுரம்

உங்கள் ஆசை எனக்குத் தெரியும், தம்பி. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்திலேயே ஓடுகிற ஆறு. ஆனாலும் நம் பிள்ளைகள் பார்ப்பது மணலும் முள்செடியும்தான். இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போவதை ஒருமுறையாவது அவர்கள் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் வெள்ளம் ஏறும் நாளில் வேண்டாம். மழை விட்டு, எச்சரிக்கை நீங்கி, தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகு பகலில் கூட்டிப்போங்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை, கையை விடாமல், மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கணுக்கால் தண்ணீர்தானே என்று இறக்கிவிடாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் அடியில் இருக்கின்றன, மேலே பார்த்தால் சமமாகத் தெரியும். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தக் குழியில் போயிருக்கிறார்கள்!

உங்கள் மனைவியின் பயத்தை வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகியதை எல்லோரும் பேசுகிறோம். அதே நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் தூக்கத்திலேயே போனார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய சுவர் ஈரம் கோத்திருந்தால், விரிசல் விட்டிருந்தால், அதை ஒட்டிப் பாய் விரிக்காதீர்கள்.

என் இரண்டு வயது மகன் வெடிச்சத்தம் கேட்டால் நடுங்கி அழுகிறான். சொந்தக்காரர்கள் “ஆம்பள புள்ள இப்படியா” என்று கேலி செய்கிறார்கள். தீபாவளியை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ஆரணி

அவனுக்குக் காது கூர்மை, அவ்வளவுதான். கேலி செய்கிறவர் முன்னால் அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அது அவருக்கும் பதில். நம் மாநிலத்தில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்தில் உள்ளறையில், ஃபேனைப் போட்டு, அவனுக்குப் பிடித்த பாட்டோடு இருங்கள். கம்பி மத்தாப்பையும் கையில் கொடுக்க வேண்டாம், அதன் நுனியில் ஆயிரம் டிகிரிச் சூடு இருக்கும். யாருக்காவது சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பேஸ்ட்டும் மஞ்சளும் மையும் தடவக் கூடாது.

அவனுக்குக் கார்த்திகையைக் கொடுங்கள். ஆரணியில் இருந்துகொண்டு மாவளியை விடலாமா? காய்ந்த பனம்பூவை மூட்டம் போட்டுக் கரியாக்கி, நுணுக்கித் துணியில் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, கயிற்றில் பிடித்துச் சுற்றினால் பொறி பொறியாக வட்டம் போடும், சத்தமே இருக்காது. அண்ணாமலையில் தீபம் ஏறிய பிறகு அப்பாவோ மாமாவோ வெட்டவெளியில் சுற்றட்டும். அவன் உங்கள் இடுப்பில் உட்கார்ந்து, தள்ளி நின்று பார்க்கட்டும். வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு இது தாத்தா சொத்து. கடையில் வாங்கித் தர முடியாது, யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். அதனாலேயே அழிந்துகொண்டு வருகிறது, எனக்கு அதில் பெரிய வருத்தம்.

பேரன் பாஸ்டனில் இருக்கிறான், நான்கு வயது. வீடியோ காலில் சிவப்பு இலையைக் காட்டி “தாத்தா, உங்க ஊர்ல என்ன இருக்கு?” என்கிறான். நாங்கள் கூப்பிடும்போது இங்கே இருட்டிவிடுகிறது. என்ன காட்டுவது?
– வாசகர், வேலூர் கொசப்பேட்டை

ஐயா, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதுவரை ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து பத்தரை. அவன் காலை ஏழு மணிக்குப் பால் குடிக்கும்போது உங்களுக்கு மாலை நாலரையாக இருந்தது ஐந்தரையாகிவிடும், வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் வருகிற அக்டோபர் வாரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனை வாசலுக்குக் கொண்டுபோய் ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் காட்டுங்கள், சத்தத்தையும் கேட்கவிடுங்கள். அவன் பாட்டி சீத்தாப்பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வதைக் காட்டுங்கள். நவம்பருக்குப் பிறகு அவனை ஒரு மணி நேரம் முன்னால் எழுப்பச் சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கட்டும். சனி, ஞாயிறுகளில் அவன் படுக்கப்போகும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நமக்கு அப்போது மறுநாள் காலை ஆறரை, மழை பெய்திருந்தால் முற்றத்தில் மரவட்டை ஊர்ந்துகொண்டிருக்கும். ஒன்றைக் குச்சியால் லேசாகத் தொட்டு, அது சுருண்டுகொள்வதைக் காட்டுங்கள்.