மோக்டெசுமாவின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைத்த பட்டம்

வணக்கம் ஐயா,

மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் பேரரசர் மோக்டெசுமாவின் வம்சத்தினர் ஸ்பெயினில் இன்றும் டியூக் பட்டத்தோடு இருக்கிறார்கள் என்று படித்தேன். தாங்களே வீழ்த்திய மன்னரின் வாரிசுகளுக்கு ஸ்பெயின் ஏன் பட்டம் கொடுத்தது? செய்ததற்குப் பிராயச்சித்தமா?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பிராயச்சித்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. மோக்டெசுமா ஸ்பானியர்களின் பிடியில் இருந்தபோது 1520இல் இறந்தார். சொந்த மக்கள் எறிந்த கல் பட்டுத்தான் இறந்தார் என்றார்கள் ஸ்பானியர்கள். ஸ்பானியர்களே கொன்றார்கள் என்கின்றன நாவா மக்களின் (அஸ்டெக்குகளும் அவர்களில் ஒரு பிரிவினர்தான்) பதிவுகள். பட்டமோ 1627இல்தான் வருகிறது.

இடைப்பட்ட நூறு வருடத்தில் அந்தக் குடும்பமே மாறிவிட்டது. மன்னரின் மகன் ஞானஸ்நானம் பெற்று டான் பெட்ரோ ஆனார். பேரன் டியேகோ லூயிஸ் ஸ்பெயினுக்குப் போய், பிரான்சிஸ்கா டி லா குவேவா என்ற உயர்குடிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர்களுடைய மகன் பெட்ரோ டெசிஃபோனுக்குத்தான் ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் 'மோக்டெசுமா கவுண்ட்' பட்டம் கொடுத்தார். மெக்சிகோவில் வாழும் இளவரசனைச் சுற்றி என்றைக்காவது ஒரு கூட்டம் சேரலாம். ஸ்பெயினில் பட்டத்தோடு வாழும் பிரபுவால் அரசருக்கு என்ன ஆபத்து? கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த ஹோசே சர்மியெந்தோ 1696இல் மெக்சிகோவையே ஆளும் வைஸ்ராயாகப் போனார். அந்த அளவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்கு ஆறாமல் இருப்பது பணத்தின் கதை. வாரிசுகளுக்கு மானியமாகக் கிராமங்கள் கிடைத்தன. மன்னரின் மகள் இசபெலுக்கு 1526இல், அஸ்டெக் பேரரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோர்டெஸ், டகூபா என்ற ஊரைக் கொடுத்தார். கொடுத்தார் என்றால், அங்கே உழைத்த மக்களின் வரியையும் உழைப்பையும் எழுதிக்கொடுத்தார் என்று பொருள். தோற்ற மன்னரின் பிள்ளைகளை வாழவைத்தது ஸ்பெயினின் கஜானா அல்ல, தோற்ற மக்கள்தான். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகும் வாரிசுகளுக்கான ஓய்வூதியம் நிற்கவில்லை. புரட்சியே வந்து போன நாடு, 1934 வரை கொடுத்துக்கொண்டிருந்தது!

அப்புறம் நீங்கள் படித்த டியூக் பட்டம். அது 1865இல் இரண்டாம் இசபெல் ராணி தந்த உயர்வு. 1931இல் ஸ்பெயின் குடியரசானபோது எல்லாப் பிரபுப் பட்டங்களும் செல்லாமல் போயின. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி 1948இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. மெக்சிகோ நிறுத்திய பணம் மட்டும் திரும்பவில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.