ஆன்லைன் கேமில் ரேட்டிங் (திறமைப் புள்ளி) ஏன் ஏறவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: நானும் நண்பனும் ஒரே டீமில் ஆடி ஒரே மேட்சை ஜெயித்தோம். புதுக் கணக்கு வைத்திருக்கும் அவனுக்குப் புள்ளி எகிறியது, எனக்கு நாலைந்துதான். இது என்ன நியாயம்?

ப: நியாயம்தான். இன்றைய ரேட்டிங் முறைகள் பலவும் ஆளுக்கு இரண்டு எண்களை வைத்துக்கொள்கின்றன. ஒன்று, திறமையின் மதிப்பீடு (மியூ). இன்னொன்று, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு சந்தேகம் என்பது (சிக்மா). எக்ஸ்பாக்ஸுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில் புதியவர் மியூ 25, சிக்மா 8.33 என்று தொடங்குவார். மேட்ச் முடிந்ததும் ஒரே டீம்காரர்களின் மியூ அவரவர் சிக்மாவின் வர்க்கத்துக்கு ஏற்ப நகரும். நண்பனின் சிக்மா 6, உங்களுடையது 1.5 என்றால் வர்க்கங்கள் 36, 2.25. உங்களைவிட 16 மடங்கு அவன் நகர்வான். தோற்றால் இறங்குவதும் அதே 16 மடங்குதான். அதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்!

கே: 100 மேட்ச் ஆடியும் அதே ரேங்கில் நிற்கிறேன். என் ஆட்டம் இதைவிட மேல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெற்றி விகிதத்தை வேண்டுமென்றே 50 சதவீதத்தில் பிடித்து வைக்கிறார்களா?

ப: யாரும் பிடித்து வைக்க வேண்டியதில்லை; சமபலமான டீம்களை மோதவிட்டால் 50-ஐ ஒட்டித்தான் வரும். உங்கள் சிக்கல் வேறு. செஸ்ஸில் இருந்து வந்த ஈலோ கணக்கை எடுத்துக்கொள்வோம். எதிராளியைவிட 100 புள்ளி மேலிருப்பவர் ஜெயிக்கும் வாய்ப்பு 64 சதவீதம். ஆனால் ஐவர் டீமில், சராசரியை வைத்துப் பார்த்தால், உங்களுடைய உபரி 100 புள்ளி டீமுக்குத் தருவது வெறும் 20. வாய்ப்பு 53 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். அதாவது 100 மேட்சில் எதிர்பார்க்கக்கூடியது 53 வெற்றி. அதிர்ஷ்டம் மட்டுமே அந்த எண்ணை ஐந்து மேலோ ஐந்து கீழோ தள்ளுவது சர்வ சாதாரணம். வெற்றிக்கு 10 ஏற்றம், தோல்விக்கு 10 இறக்கம் என்று வைத்தால் 53 வெற்றிக்குக் கிடைப்பது 60 புள்ளி. 48 வெற்றியோடு முடிந்தால் 40 புள்ளி நஷ்டம். இரண்டும் ஒரே திறமையின் விளைவுதான். 53-ஐயும் 50-ஐயும் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல ஆயிரம் மேட்சுக்கு மேல் வேண்டும்.

உண்மையிலேயே 500 புள்ளி மேலிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. டீம் சராசரி 100 கூடும், 64 சதவீதம் ஜெயிப்பார், விறுவிறுவென்று ஏறிவிடுவார். ஆகவே உங்கள் ஆட்டம் மேல்தான், ஆனால் கொஞ்சம்தான் மேல் என்றே தோன்றுகிறது. ட்ரூஸ்கில்லை உருவாக்கியவர்களே தந்த கணக்கு ஒன்று உண்டு: ஒருவர் திறமையைக் கண்டறிய, எட்டுப் பேர் தனித்தனியாக மோதும் ஆட்டத்தில் 3 மேட்ச் போதும்; நால்வர் டீம் இரண்டு மோதினால் 46; எண்மர் டீம் என்றால் 91. டீம் மேட்ச் ஒன்று தருவது ‘ஜெயித்தது யார்’ என்ற ஒரே தகவல்; அதை அத்தனை பேருக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது.

கே: டீமிலேயே அதிக கில் (எதிராளியை வீழ்த்துவது) என்னுடையது. தோற்றதும் எனக்கும் சேர்த்துக் குறைப்பது ஏன்?

ப: கில்லுக்கு நேரடியாகப் புள்ளி கொடுத்தால் எல்லோரும் கில்லுக்குத்தான் ஆடுவார்கள், குணப்படுத்துபவரும் இடத்தைக் காப்பவரும் அடிபட்டுப் போவார்கள். 2018-இல் வந்த ட்ரூஸ்கில் 2, தனியாள் ஆட்டத்தையும் கணக்கில் சேர்ப்பதைக் கவனமாகச் செய்தது. கில், சாவு, பாதியில் விலகுவது, பார்ட்டியாக (நண்பர்கள் கூட்டாக) வருவது எல்லாம் அதில் சேர்கின்றன. ஹேலோ 5 என்ற கேமின் மேட்ச் முடிவைக் கணிப்பதில் பழைய முறையின் துல்லியம் 52 சதவீதம். புதியது 68-ஐத் தொட்டது.

கே: நாங்கள் பத்துப் பேர் சொந்தமாக ரேட்டிங் வைத்து ஆட நினைக்கிறோம். எப்படி அமைப்பது?

ப: ட்ரூஸ்கில்லுக்குப் பைத்தான் நிரல்மொழியில் இலவச நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது. எல்லோருக்கும் 25, 8.33 கொடுத்துத் தொடங்குங்கள். உங்கள் கேமில் டிரா கிடையாது என்றால், நூலகம் 10 சதவீதமாக வைத்திருக்கும் டிரா வாய்ப்பை 0 ஆக்குங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். முடிவுகளை ஆடிய வரிசைப்படியே ஏற்றுங்கள், வரிசை மாறினால் எண்களும் மாறும். பட்டியலில் மியூவைக் காட்டாமல், மியூவிலிருந்து சிக்மாவின் மூன்று மடங்கைக் கழித்துக் காட்டுங்கள். புதியவர் 0-வில் தொடங்குவார். இரண்டு மேட்ச் ஜெயித்தவர் உச்சியில் போய் உட்கார முடியாது. ஒவ்வொரு மேட்சிலும் சிக்மாவைத் துளி கூட்டிவைக்கும் டௌ என்ற சிறு எண்ணை (வழக்கமாக 0.083) பூஜ்யமாக்கிவிடாதீர்கள், ஆக்கினால் சிக்மா சுருங்கிக்கொண்டே போய், பழைய ஆட்கள் எவ்வளவு தேறினாலும் ரேட்டிங் அசையாது.

டீம் பிரிப்பது சுலபம். பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரிக்க 126 வழிகள்தான். அத்தனையையும் கணினியில் ஓட்டி, மியூ கூட்டுத்தொகை வித்தியாசம் மிகக் குறைந்ததை எடுங்கள். ஆனால் ஒரே ஐவர் திரும்பத் திரும்பச் சேர்ந்து ஆடினால் அவர்களுக்குள் யார் கெட்டி என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. ஐந்து பேரின் எண்ணும் ஒன்றாகவே ஏறி இறங்கும். அதனால் முதல் இருபது மேட்சுகளுக்காவது சீட்டுக் குலுக்கிப் போட்டே பிரியுங்கள்.