இலவச எழுத்துருவை அட்டையில் போட்டோம், நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: சிறுவர் நூல் ஒன்றின் அட்டைத் தலைப்புக்கு, மை திட்டுத்திட்டாக ஊறிய கையெழுத்து போன்ற எழுத்துருவை வடிவமைப்பாளர் பயன்படுத்தினார். இலவசமாக இறக்கியது என்றார். இரண்டாம் பதிப்பும் மின்னூலும் வந்தபின், எழுத்துருவை உருவாக்கியவர் உரிமத் தொகை கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அட்டையில் இருப்பது வெறும் படம்தானே?

பதில்: பாதி சரி. எழுத்தின் வடிவம் வேறு, அதை வரையும் கோப்பு வேறு. அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் எழுத்துருக் கோப்புக்குக் கணினி நிரல் என்ற பாதுகாப்பு உண்டு என்று அடோபி நிறுவனம் தொடுத்த வழக்கில் 1998இல் தீர்ப்பானது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வடிவத்தையும் காக்கிறது. ஆயினும் வழக்கமான அச்சு வேலைக்கு அதைப் பயன்படுத்துவது மீறலாகாது என்கிறது பிரிவு 54. ஆகவே இந்தச் சட்டங்களின்படி பார்த்தால், அச்சிட்ட அட்டையைக் காட்டி மட்டும் உங்களை மடக்குவது கடினம். உங்கள் சிக்கல் உரிமத்தில் இருக்கிறது. ‘இலவசம்’ என்று கிடைப்பவற்றில் பல ‘தனிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருபவை.

‘இது வேறு எழுத்துரு’ என்றோ ‘கையால் எழுதியது’ என்றோ மட்டும் மறுத்துவிடாதீர்கள். இந்த வகையில் ஒவ்வொரு மைத்திட்டும் கைரேகை மாதிரி. தலைப்பில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்து, இரண்டிலும் பிசிறு ஒரே இடத்தில் இருந்தால் கையால் எழுதியது என்ற வாதம் அங்கேயே முடிந்தது.

எதையும் அழிக்க வேண்டாம். வடிவமைப்பாளரிடமிருந்து மூலக் கோப்பு, இறக்கிய ஜிப், அதிலுள்ள உரிம உரை, இறக்கிய தேதி எல்லாவற்றையும் வாங்குங்கள். ஜிப் தொலைந்திருந்தால் எழுத்துருவை ஃபான்ட் எடிட்டரில் திறந்து பெயர்ப் பட்டியலின் 13, 14ஆம் பதிவுகளைப் பாருங்கள். உரிம விவரமும் அதன் இணைய முகவரியும் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்றிருந்தால் நோட்டீஸ் பெரும்பாலும் விழுந்துவிடும். வணிகப் பயன்பாட்டை அது அனுமதிக்கிறது. ஆனால் அடுத்தவர் எழுத்துருவில் இந்தப் பெயரை ஒட்டிப் பதிவேற்றுபவர்களும் உண்டு, மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

மின்னூலைத் தனியாகச் சோதியுங்கள். தலைப்பைப் படமாக்கியிருந்தால் பிரச்சினை சிறிது. ஈபப் கோப்புக்குள் எழுத்துருவே பொதிந்திருந்தால் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதன் பிரதியைக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத் தனி உரிமம் கேட்பார்கள். உடனே எடுத்துவிட்டு, பழைய கோப்பைச் சான்றாக வைத்திருங்கள்.

பதில் கடிதத்தில் தவறை ஒப்புக்கொள்ளாமல் மூன்றைக் கேளுங்கள்: உரிமையாளர் அவரே என்பதற்குச் சான்று, இறக்கிய நாளில் இருந்த உரிம உரை, அப்போதைய வணிக உரிம விலை. தொகை அந்த விலைக்கு அருகில் இருந்தால் பழைய பயன்பாட்டுக்கும் செல்லுபடியாகும் உரிமம் வாங்கிவிடுவதே வழக்குச் செலவைவிட மலிவு. இரு பதிப்புகள், மின்னூல், விளம்பரங்கள் ஆகியவற்றின் கடந்தகாலப் பயன்பாடு முழுவதற்கும் விடுவிப்பு என்ற வாசகம் இல்லாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டியதை வடிவமைப்பாளரிடம் திரும்பக் கேட்க முடியுமா என்பது, உரிமங்களுக்கு அவரே பொறுப்பு என்று பணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.