கச்சான் காலத்துப் பறவைகளும் விலங்குகளும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சித்திரைப் புத்தாண்டு கழிந்து, கடல் அடங்கி, மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கியிருக்கும் இந்நாட்களில், தாங்கள் கண்ட பறவைகளையும் விலங்குகளையும் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இம்மாவட்டத்தின் கரைகளிலும் குளக்கட்டுகளிலும் பல ஆண்டுகள் நடந்த பழக்கத்தைக் கொண்டு இங்கே விடை எழுதுகிறேன்.

எங்கள் வயலில் சிறுபோக உழவுக்கு வரும் வெள்ளைக் கொக்குகளில் சிலவற்றின் தலையும் கழுத்தும் மஞ்சளாக இருக்கின்றன. யாரோ சாயம் பூசிவிட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இது வேறு இனமா? (தம்பலகாமம், விவசாயி)

சாயமும் இல்லை, வேறு இனமும் இல்லை, ஐயா. அவை நீங்கள் ஆண்டு முழுவதும் மாடுகளின் காலடியில் காணும் உண்ணிக்கொக்குகளே. கூடு கட்டும் பருவம் நெருங்கும்போது அவற்றின் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பொன்னிற இறகுகள் முளைக்கும். பருவம் முடிந்ததும் அவை உதிர்ந்து, பறவை மீண்டும் முழு வெள்ளையாகிவிடும். அதே வயலின் வரம்பில் அசையாமல் நிற்கும் குருட்டுக்கொக்கையும் ஒருமுறை பாருங்கள். சில மாதங்களுக்கு முன் சேற்றின் நிறத்தில் கோடு கோடாக இருந்த அதன் முதுகு இப்போது கருஞ்சிவப்பாக மாறியிருக்கும்.

மாசி வரை காலையிலும் மாலையிலும் தவறாமல் குரல் கொடுத்த ஆறுமணிக் குருவி இப்போது எங்கள் தோட்டத்தில் இல்லை. பூனை பிடித்திருக்குமோ? (உவர்மலை, இல்லத்தரசி)

கவலைப்படாதீர்கள், அம்மா. அது இந்தியாவிற்குத் திரும்பியிருக்கும். அங்கே தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியளவில் இங்கு வந்துவிடும். அதுவரை தோட்டத்தின் மூலையில் உதிரும் சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டுவைத்தால், திரும்பி வரும் குருவிக்கு அதைக் கிளறி இரை தேட வசதியாக இருக்கும்.

மாணவர்களுடன் கடற்கரையில் நடந்தபோது, குருவியளவான ஒரு பறவை இறக்கை முறிந்ததுபோல மணலில் இழுபட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடியது. பிடித்துச் சிகிச்சையளிக்க முயன்றோம். ஒவ்வொரு முறையும் சற்றுத் தூரம் தள்ளிப்போய், கடைசியில் நன்றாகவே பறந்துவிட்டது. இது என்ன? (குச்சவெளி, ஆசிரியை)

அந்தப் பறவைக்குக் காயம் எதுவும் இல்லை. உங்கள் காலடிக்கு மிக அருகில் அதன் முட்டைகளோ குஞ்சுகளோ இருந்திருக்கின்றன. உங்களை அங்கிருந்து அப்பால் கூட்டிச்செல்லவே அது அவ்வாறு நடித்தது. இது உப்புக்கொத்தி. எங்கள் கரையில் ஆண்டு முழுவதும் தங்கிக் குஞ்சு பொரிப்பது, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சிறிய உப்புக்கொத்தி. இதனை மாரியில் வடக்கிலிருந்து வரும் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் கருதிவந்தார்கள். மரபணு, உடலளவு, கால் நிறம் ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வின் பின்னர், 2023இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டு, இரு நாடுகளுக்கும் நடுவே பாலம் அமைத்த கதையை நினைவூட்டும் வகையில் அனுமனின் பெயரைப் பெற்றது. கோணேசர் மலையில் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த ஊரவர்களுக்கு இந்தப் பெயர் சிறிது குறும்பாகத் தோன்றக்கூடும்.

கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இராது. மாட்டுக் குளம்பு பதிந்ததுபோன்ற ஒரு சிறு பள்ளம், அதில் சிப்பித் துண்டுகள் சில, நடுவில் மணலின் நிறத்திலேயே கரும்புள்ளி தெளித்த இரண்டு அல்லது மூன்று முட்டைகள், அவ்வளவுதான். முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை ஒருகணம் எடுத்தால் மீண்டும் தேடவேண்டியிருக்கும். ஆகவே பறவை இறக்கையை இழுக்கத் தொடங்கிய இடத்தில் அப்படியே நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பி நடக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நடுப்பகல் வெயிலில் தாய் எழுந்து நின்றால் முட்டை விரைவில் வெந்துவிடும். அரை மணிநேரம் நின்று படம் எடுப்பவர் தொடாமலேயே முட்டைகளைக் கொன்றுவிடலாம்.

இதில் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஓராண்டு, மீனவர்கள் மிதித்துவிடக்கூடாது என்று எண்ணி, ஒரு கூட்டைச் சுற்றி வட்டமாகக் கற்களை அடுக்கிவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை போனபோது கற்கள் வைத்தபடியே இருந்தன, முட்டைகள் இல்லை. வட்டத்திற்குள்ளே காகத்தின் கால்தடங்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. நான் வைத்த அடையாளம் மீனவர்களுக்கு உதவியதோ இல்லையோ, காகத்திற்கு நன்றாக உதவியது.

அதே கரையில் வெள்ளைப் பறவைகள் சில தலையைக் கொத்துவதுபோலப் பாய்ந்து வருகின்றன. (நிலாவெளி, படகோட்டி)

மஞ்சள் அலகின் நுனி கறுப்பாகவும் நெற்றி வெள்ளையாகவும் இருந்தால் அது சின்ன ஆலா. அதுவும் வெறும் மணலில் முட்டையிடுவது. பாய்ந்து வந்தால் நீங்கள் அதன் குடியிருப்பிற்குள் நிற்கிறீர்கள் என்று பொருள். வள்ளத்தை வேறிடத்தில் கரையேற்றுங்கள்.

வீடு கட்டக் கொட்டிய கிரவல் குவியலில் ஆட்காட்டி நாலு முட்டை இட்டிருக்கிறது. இரவு பகலாகக் கத்துகிறது. முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்கலாமா? (மூதூர்)

வைக்கவேண்டாம். இடம் மாறினால் தாய் அந்த முட்டைகளைக் கைவிட்டுவிடக்கூடும். ஏறத்தாழ நான்கு வாரங்களில் குஞ்சு பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் உலர்ந்ததும் எழுந்து நடக்கும். அதுவரை அந்தக் குவியலை விட்டு வேறு குவியலில் கிரவல் அள்ள முடியுமானால் நல்லது. நண்பகலில் அப்பறவை கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் அமர்வதை, தூரத்தில் மரநிழலில் இருந்தபடி நீங்கள் பார்க்கலாம்.

படகில் போய்த் திமிங்கிலம் பார்க்க விரும்புகிறேன். நீலத் திமிங்கிலத்தையும் மற்றதையும் எப்படிப் பிரித்தறிவது? (உப்புவெளி, உயர்தர மாணவர்)

தம்பி, முதலில் மூச்சைப் பாருங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு கமுகு மரம்போல் நேராக ஏழெட்டு மீற்றர் உயரத்திற்கு எழும். எண்ணெய்த் திமிங்கிலத்திற்கு மூச்சுத்துளை தலையின் முன்பக்கத்தில் இடப்புறமாக ஒன்றே இருப்பதால், அதன் மூச்சு தாழ்வாகவும் பரந்தும் முன்னோக்கி இடப்பக்கம் சரிந்து வரும். இந்த ஒரு குறிப்பே பெரும்பாலும் போதும். அதன்பின் முதுகைப் பாருங்கள்: நீலத் திமிங்கிலத்தின் நீண்ட நீலச்சாம்பல் முதுகு ஓடி முடிந்த பிறகே, வாலுக்கு அருகில் மிகச்சிறிய ஒரு செட்டை தெரியும், எண்ணெய்த் திமிங்கிலம் நனைந்த மரக்குற்றிபோல மிதந்துகிடக்கும். அது மூழ்கினால் முக்கால் மணிநேரம்கூட மேலே வராமலிருக்கும் என்பதால், காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இவ்வளவு பெரிய உயிர்கள் கரைக்கு இத்தனை அருகே வருவதற்குக் கடலடி அமைப்பே காரணம். மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிச் சரிவாக இறங்கிவிடுகிறது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் எங்கள் கடலில்தான் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நீங்கள் போகும் படகு நூறு மீற்றருக்குள் நெருங்கினாலும், விலங்கின் பாதையை மறித்தாலும், காசு கொடுத்தவர் என்ற உரிமையோடு ஓட்டியிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பயணிகள் நெருக்கச் சொல்லி நச்சரிப்பதாலேயே பல ஓட்டிகள் நெருங்குகிறார்கள்.

புறாத்தீவில் இருப்பதும் எங்கள் கூரையில் இருப்பதும் ஒரே புறாவா? (திருகோணமலை நகர்)

ஒரே இனந்தான். கூரைப் புறா, வளர்த்த புறாக்களின் வழியில் வந்து வெள்ளையும் மண்ணிறமும் கறுப்புமாகக் கலந்துபோனது. தீவின் பாறை வெடிப்புகளில் கூடு வைப்பது, சாம்பல் இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரியும் காட்டு மாடப்புறா. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆன அந்தத் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களைத் தேடிக் குனிந்தபடியே முருகைக்கல்லை மிதித்துவிட்டு, தலைக்கு மேலே பறக்கும் புறாவை ஒருமுறையும் நிமிர்ந்து பாராமல் திரும்புகிறார்கள் என்பதே என் மனக்குறை.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் நிற்கும் ஆண் மானின் கொம்பில் தோல் மூடியிருக்கிறது. நோயா?

நோய் இல்லை. புள்ளிமான் பழைய கொம்பை உதிர்த்துவிட்டுப் புதியதை வளர்க்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அந்த மெல்லிய தோல் உரிந்துவிடும். அந்த மான்களுக்கு உண்மையான ஆபத்து, கோயிலுக்கு வருவோர் பழத்தோடு சேர்த்துப் போடும் பிளாஸ்ரிக் பையே.

அதிகாலை இரண்டு மணிக்குக் கூவத் தொடங்கும் குயிலை நிறுத்த வழி உண்டா? (கிண்ணியா)

இல்லை. கூவுவது ஆண், கரிய உடலும் சிவந்த கண்ணும் கொண்டது. புள்ளி போட்ட பெண்குயில் உங்கள் வளவில் உள்ள ஏதோவொரு காகக் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறது. காகம் கூடு கட்டி முடியும்வரை, அதாவது அநேகமாக ஆவணி வரை, கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றிப் பாருங்கள்.