தலைமுடியில் பிறந்த மை

கேள்வி: மனிதத் தலைமுடியிலிருந்து ஓர் ஓவியர் சீன மை தயாரித்தாராமே, உண்மையா? வீட்டில் செய்து பார்க்கலாமா? – வாசகி, தோ பாயோ

பதில்: உண்மைதான். 1955இல் ஷாங்காயில் பிறந்த கு வெண்டா என்னும் கலைஞர், தலைமுடியைப் பொடியாக்கி, அந்நகரின் பழைமையான மைத் தொழிற்கூடம் ஒன்றின் துணையுடன் அதை மைக்கட்டிகளாக்கினார். பைன் விறகையோ எண்ணெய்த் திரியையோ எரித்துத் திரட்டிய புகைக்கரியை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையுடன் பிசைந்து, நெடுநேரம் இடித்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் உலர்த்துவதே மரபு. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை கூட்டிய நம் பாட்டிமாருக்கு இதில் பாதி பழகிய வேலை. பசையே விலங்கின் உடலிலிருந்து வருவதால், அவர் மரபை மீறினார் என்பதைவிட அதில் மறைந்திருந்ததை வெளியே எடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடியில் கந்தகம் இருப்பதால் எரித்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அடுக்குமாடி வீட்டில் வேண்டாம். கடையில் கிடைக்கும் கொட்டாங்குச்சிக் கரியை நுணுக்கி, மெல்லிய துணியில் சலித்து, வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் குழைத்துப் பாருங்கள். புகைக்கரியைப் போல நுண்மையாக இராது. தூரிகை இழுத்த தடத்தில் மணல்போல் திரிதிரியாக நிற்கும்.