ஆங்கிலக் கிராமத்துப் பாரிஷில் முன்னோரைத் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

இங்கிலாந்துக் கிராமங்களில் குடியிருப்பவர்கள், அங்கே சம்பந்தம் செய்துகொண்டவர்கள் எனப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பாரிஷ் பதிவேடுகளைப் படித்துப் பட்டியலிடும் தன்னார்வ வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லை. ஆனால் வழிபாட்டோடு அது நிற்கவில்லை. வரி வசூல், ஏழைகள் பராமரிப்பு, சாலை வேலை எல்லாம் பல நூற்றாண்டுகள் அந்த எல்லைக்குள்தான் நடந்தன. அதனால் அங்கே கிடைக்கும் காகிதங்களில் பெரும்பாலானவை பணக் கணக்குக்காக எழுதப்பட்டவை. யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: அக்கா, என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய பாட்டி டெர்பிஷயரில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு அப்பா வழி வேரும் தெரியணும். எங்கிருந்து ஆரம்பிக்க?

உங்கள் மாமியாரிடமிருந்து ஆரம்பியுங்கள் தங்கச்சி. பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, பழைய போட்டோக்களில் யார் யார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காகிதம் அதற்கு அப்புறம்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது 1837 ஜூலை 1 முதல். பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். அதை வைத்துப் பெற்றோரின் திருமணச் சான்றிதழைத் தேடலாம். அதில் மாப்பிள்ளை, பெண் இருவரின் தகப்பனார் பெயரும் தொழிலும் இருக்கும். இப்படி ஒரு தலைமுறை உறுதியான பிறகுதான் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் வம்ச மரத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே பாரிஷில் ஒரே பெயரில் மூன்று ஜான்கள் இருப்பது சர்வசாதாரணம்.

கூடவே சென்சஸையும் பாருங்கள். 1841 முதல் 1921 வரை பத்து வருடத்துக்கு ஒன்றாகப் பெயர்களோடு கிடைக்கிறது. 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் எரிந்துபோனது. 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு கைகொடுக்கும். எனக்கு மிகவும் உதவுவது 1851. பிறந்த பாரிஷின் பெயரும், குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும் அதில்தான் முதலில் வருகின்றன. 1841-இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: 1837-க்கு முன்னால் போக முடியுமா? அந்தக் கிராமத்துப் பாதிரியாரைத்தான் கேட்க வேண்டுமா?

போகலாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுதி வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டது 1538-இல். ஆரம்பத்தில் சாதாரணத் தாளில் எழுதியவை பல அழிந்துவிட்டன. 1598-இல் தோல்தாளில் எழுத வேண்டும் என்றும், வருடாவருடம் ஒரு நகலைப் பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி வந்தது. மூலப் பதிவேடு எலி கடித்தோ ஈரத்திலோ போயிருந்தால் இந்த நகல்தான் கதி.

திருமணங்களுக்கு 1754-இலிருந்து தனிப் படிவம், மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டபடி. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவம் 1813-இலிருந்து. அதற்கு முன் "வில்லியம், மேரி தம்பதியின் மகன் ஜான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். 1813-க்குப் பின் தகப்பனின் தொழிலும் குடியிருந்த இடமும் சேர்ந்து வரும்.

பாதிரியாரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவேடுகளைப் பொதுவாகக் கவுன்டி (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1978-இல் விதி வந்துவிட்டது. டெர்பிஷயருக்கு அது மேட்லாக்கில் இருக்கிறது. இணையத்தில் ஃபேமிலிசெர்ச், ஃப்ரீரெக் இரண்டும் இலவசம். அவற்றில் பெரும்பாலும் கிடைப்பது அட்டவணைதான். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள்.

கேள்வி: ஒரு குழந்தைக்கு 1724 நவம்பரில் ஞானஸ்நானம், அதே குழந்தைக்கு 1724 பிப்ரவரியில் அடக்கம் என்று இருக்கிறது. பதிவேட்டில் தப்பா?

தப்பில்லை. அப்போது இங்கிலாந்தில் புதுவருடம் மார்ச் 25-இல் பிறந்தது. நவம்பருக்கு அடுத்து வரும் பிப்ரவரியும் அவர்கள் கணக்கில் 1724-தான், நம் கணக்கில் 1725. குறிப்பெடுக்கும்போது 1724/25 என்று இரண்டையும் எழுதுங்கள். 1752-இலிருந்து ஜனவரி 1-க்கு மாறினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் 11 நாட்களே கிடையாது.

மூன்று மாதத்தில் இறந்த குழந்தை அது. குடும்ப மரத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் இருக்கவும் அது உதவும்.

கேள்வி: என் மனைவியின் முன்னோர்கள் எல்லாரும் விவசாயக் கூலிகள். நிலம் இல்லை, உயில் இல்லை. இவர்களைப் பற்றி என்ன கிடைக்கப் போகிறது அக்கா?

தம்பி, நிறையக் கிடைக்கும். ஓரளவு வசதியாக இருந்த குடும்பத்தைவிட அதிகமாகவே கிடைக்கலாம். காரணம், இவர்களுக்காகப் பாரிஷ் பணம் செலவழித்தது. செலவழித்த ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கு எழுதியது.

1601 ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்களிடம் வரி வசூலித்து, ஏழைகள் மேற்பார்வையாளர் என்ற பொறுப்பில் இருந்த உள்ளூர் ஆள் அதைப் பங்கிட்டார். அவருடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் விதவைக்கு வாரப்படி, ஒரு பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு, விறகு, பிரசவம் பார்த்தவளுக்குக் கூலி, சவப்பெட்டி என்று பெயரோடு வரிசையாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு அக்டோபரில் விறகு, டிசம்பரில் அவளைக் கவனித்துக்கொண்டவளுக்குக் கூலி, ஜனவரியில் சவப்பெட்டி என்று மூன்று வரி பார்த்தால், அவளுடைய கடைசிக் குளிர்காலம் முழுவதும் தெரிந்துவிடும்.

1662-இல் இருப்புரிமைச் சட்டம் வந்தது. இருப்புரிமை என்றால், ஏழையானால் ஒரு பாரிஷிடம் உதவி கேட்கும் உரிமை. இந்த ஏழைக்கு யார் பொறுப்பு என்ற சண்டை அதிலிருந்துதான் சூடுபிடித்தது. பிறப்பால், ஒரு முழு வருடம் ஒரே எஜமானிடம் வேலை செய்ததால், தொழில் பழகியதால், வருடம் 10 பவுண்டு வாடகை கொடுத்ததால் என்று இருப்புரிமை பெறச் சில வழிகள் இருந்தன. பெண்ணுக்குக் கணவனின் உரிமையே அவள் உரிமை. சந்தேகம் வந்தால் ஆளை நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், என்ன கூலி, எங்கே கல்யாணம், பிள்ளைகளின் வயது என்ன என்று கேட்டு எழுதி, கடைசியில் அவருடைய கைநாட்டுக் குறியை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரின் வாழ்க்கை முழுக்க ஒரே தாளில் வந்துவிடும். கிராமத்து ஆவணங்களிலேயே எனக்கு மிக மதிப்பானது இதுதான்.

படிக்க வேதனையாகவும் இருக்கும். முழு வருடம் ஆனால் உரிமை வந்துவிடும் என்று சில நாள் குறைவாக வேலைக்கு எடுத்திருப்பார்கள். கல்யாணம் ஆகாத கர்ப்பிணியைக் குழந்தை பிறக்கும் முன்பே எல்லையைத் தாண்டி அனுப்பியிருப்பார்கள், செலவு தங்கள் தலையில் விழக்கூடாது என்று. தகப்பனிடம் பராமரிப்புக்கு எழுதி வாங்கிய பத்திரங்களும் இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாவிட்டால் முதலில் இந்தக் கட்டைத்தான் கேட்க வேண்டும்.

1834-இல் சட்டம் மாறி, பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன்களும் அவற்றின் ஒர்க்ஹவுஸ்களும் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதிகள்) வந்தன. அதற்குப் பிறகு யூனியன் பெயரில் தேடுங்கள்.

கேள்வி: சஃபோக்கில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா மேடம்?

தசமபாக வரைபடத்தில் ஆரம்பியுங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1836 சட்டம் பண வாடகையாக மாற்றியது. அதற்காக ஒவ்வொரு வயலையும் வீட்டையும் அளந்து எண் போட்டு, நிலத்துக்காரர் யார், அனுபவிப்பவர் யார், வயலின் பெயர் என்ன, உழவா மேய்ச்சலா, எத்தனை ஏக்கர் என்று பட்டியலிட்டார்கள். இவற்றில் பல 1840-ஐ ஒட்டியவை. அதனால் அனுபவிப்பவர் பெயரை 1841 சென்சஸில் நேராகத் தேடலாம். சென்சஸில் கிராமத்து வீடுகளுக்கு எண் இருக்காது. ஆனால் கணக்கெடுத்தவர் நடந்த வரிசையில்தான் எழுதியிருப்பார். மதுக்கடை, பாதிரியார் வீடு, கொல்லன் பட்டறை போன்ற அடையாளம் தெரிந்த இடங்களைப் பிடித்து, நடுவில் உங்கள் வீடு எத்தனையாவது என்று எண்ணுங்கள்.

பின்னாளுக்கு 1910 நிதிச் சட்டத்தை ஒட்டி எடுத்த மதிப்பீட்டுக் கள ஏடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எத்தனை அறை, கூரை எப்படி, என்ன வாடகை என்பதுவரை எழுதியிருப்பார்கள்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் பல பாரிஷ்களுக்குத் தசமபாக வரைபடம் கிடைக்காது. பொதுநிலத்தை வேலி போட்டுப் பங்கிட்டபோதே தசமபாகத்தையும் தீர்த்துவிட்டார்கள். அங்கே வேலியடைப்புத் தீர்ப்பு ஆவணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஊரில் முந்நூறு வருடம் இருந்த குடும்பம் என்று எங்கள் சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். அப்படித்தான் இருந்தார்களா?

சில நிலத்துக்காரக் குடும்பங்கள் இருந்திருக்கலாம். மற்றவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் கிளேவொர்த் என்ற கிராமத்தின் பாதிரியார் 1676-இலும் 1688-இலும் ஊரில் இருந்த அத்தனை பேரையும் பட்டியலிட்டார். முதலில் 401 பேர், பிறகு 412 பேர். பார்த்தால் ஊர் அப்படியே இருப்பது போலத் தோன்றும். பெயர்களை ஒப்பிட்டால், முதல் பட்டியலில் இருந்தவர்களில் 244 பேர் பன்னிரண்டு வருடத்தில் இல்லை. இறந்தவர்கள் போக மற்றவர்கள் வேறு ஊருக்குப் போனவர்கள். வருடக் கூலிக்கு வேலை செய்த இளைஞர்கள் பண்ணை மாறினாலே பாரிஷும் மாறிவிடும். ஆனால் பெரும்பாலும் வெகுதூரம் போகவில்லை. சுற்றியுள்ள பாரிஷ்களை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு தேடியும் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லையே?

பக்கத்துப் பாரிஷைப் பார்த்தாகிவிட்டது என்றால், அவர்கள் பாப்டிஸ்ட், குவேக்கர் போன்ற வேறு சபையினரா என்று பாருங்கள். அந்தப் பதிவேடுகளில் பல கியூவில் உள்ளன. 1640-கள், 50-கள் என்றால் உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் இடைவெளி விழுந்திருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. வரி போன பிறகு நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களும் உண்டு. அதனால் பிறந்த வருடத்தோடு நிறுத்தாமல் பத்து வருடம் தள்ளியும் பாருங்கள்.

கேள்வி: அடக்கப் பதிவேட்டிலிருந்து கொள்ளைநோய், பஞ்சம் தெரியுமா? எங்கள் ஊர் வரலாறு எழுத ஆசை.

சாவுக்குக் காரணம் எழுதுவது அபூர்வம். ஆனால் எண்ணினால் தெரிந்துவிடும். வருடத்துக்கு எத்தனை அடக்கம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். சராசரியைப் போல இரண்டு மடங்கு வந்த வருடத்தை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். டெர்பிஷயரின் ஈம் (Eyam) கிராமத்தில் 1665 செப்டம்பரில் ஒரு தையல்காரர் வீட்டில் தொடங்கிய பிளேக், அடுத்த வருட இலையுதிர்காலம் வரை சுமார் 260 பேரைக் கொண்டுபோனது. நோய் வெளியூருக்குப் பரவாமல் இருக்கப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சொன்னபடி ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. அவர் மனைவியும் அதில் இறந்தார். பஞ்சத்துக்கு கம்பர்லேண்டின் கிரேஸ்டோக் பதிவேடு இருக்கிறது. 1623-இல் உணவில்லாமல் இறந்தார் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊர் எண்ணிக்கையை அக்கம்பக்கத்துப் பாரிஷ்களோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: எங்கள் கிராமத் தேவாலயச் சுவரில் "மதராஸில் இறந்தார்" என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. பார்த்ததும் சிலிர்த்தது. மேலே தேட முடியுமா அக்கா?

முடியும். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயப் பதிவுகள் 1680-இலிருந்தே தொடங்குகின்றன. முதலில் உங்கள் பாரிஷில் அவருடைய ஞானஸ்நானத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு உயில். 1858-க்கு முந்தைய உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில் இருந்தன. வெளிநாட்டில் இறந்த, இங்கிலாந்தில் சொத்துள்ளவர்களின் உயில் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில். அது இப்போது கியூவின் இணையதளத்தில் தேடக் கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த பணம் இருந்தால், அது அந்தக் கிராமத்தில் எந்த நிலமாக, எந்த வீடாக மாறியது என்பதையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: காப்பகத்துக்கு முதல் தடவை போகிறேன். என்ன கொண்டு போக?

முகவரிச் சான்று, பென்சில், போன். பேனாவை உள்ளே விடமாட்டார்கள். இணையப் பட்டியலில் ஆவண எண்களைக் குறித்துக்கொண்டு, இருக்கையை முன்பே பதிவு செய்துவிடுங்கள். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஆவண எண் எழுதிய துண்டுச்சீட்டும் விழும்படி எடுங்கள்.