தரவுத்தள மாதிரியாக்கம் படித்து என்ன செய்வது? – வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தரவுத்தள மாதிரியாக்கம் என்றால், எந்தத் தரவை எந்த அட்டவணையில் எப்படி வைப்பது என்று திட்டமிடுவது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

முழங்காவில், உயர்தர மாணவி: ஐசிரி பாடத்தில் ஈஆர் வரைபடம் (எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று காட்டுகிற படம்) கீறுகிறோம். பெட்டியும் டயமண்டும் கீறுவதற்கென்றே ஒரு விஞ்ஞானி இருப்பாரா அண்ணா?

இருக்கிறார்கள் தங்கச்சி. நீங்கள் கீறுகிற அந்தப் படத்தை 1976இல் கட்டுரையாக எழுதியவர் பீற்றர் சென். தாய்வானில் பிறந்து, ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். அதற்கு ஆறு வருடம் முன்னால், 1970இல், ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் தரவையெல்லாம் அட்டவணையாக, வரிகளின் கணமாகப் பார்க்கலாம் என்று எழுதினார். இன்றைக்கு வங்கி முதல் கம்பஸ் பதிவு வரை ஓடுவது பெரும்பாலும் அந்த யோசனையில்தான். கொட்டுக்கு 1981இல் ரியூரிங் விருது கிடைத்தது.

ஆனால் இந்தத் துறைக்காரரின் வேலை படம் கீறுவது இல்லை. “தரவு பற்றிய இந்த விதிகள் உண்மையென்றால் வேறு எந்த விதி தானாகவே உண்மையாகும்?” என்று கேட்பதுதான் வேலை. ஒரு நிரலின் பெறுமானம் இன்னொன்றைத் தீர்மானிக்கும் என்கிற விதிகள் மட்டும் இருந்தால் கணினி இதை விறுவிறென்று கண்டுபிடித்துவிடும். “இந்த அட்டவணையில் உள்ள இலக்கம் அந்த அட்டவணையிலும் இருக்கவேண்டும்” என்ற விதிகளையும் சேர்த்துவிட்டால், எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் விடை சொல்லும் கணினிச் செய்நிரலை யாராலும் எழுத முடியாது என்று 1980களில் நிறுவிவிட்டார்கள். இரண்டும் தனித்தனியே பார்த்தால் சாதுவான விதிகள்தான். எனக்கு இந்தத் துறையில் பிடித்துப்போன இடமே இதுதான்.

இராமநாதபுரம், கமக்காரர் அமைப்புச் செயலாளர்: எங்கள் காணி விபரம் எல்லாம் ஒரு எக்செல்லில் இருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணி மட்டு, அதனால் ஒருவர் காணியை இரண்டு மூன்று பேர் பங்காகச் செய்வார்கள். ஒரே காணி மூன்று வரியில் வருகிறது, கூட்டினால் ஏக்கர் ஏறிவிடுகிறது. என்ன வழி?

ஐயா, இந்தக் கேள்விக்கே ஒரு முழுநாள் வகுப்பு எடுக்கலாம். உங்கள் தாளில் ஆள், காணி, செய்கை என்ற மூன்று விஷயம் ஒரே வரிக்குள் நெரிபடுகிறது. காணியின் பரப்பு காணிக்குச் சொந்தமானது. அது ஒரு தடவைதான் எழுதப்படவேண்டும். இந்தப் போகத்தில் இவர் அதில் எத்தனை ஏக்கர் விதைத்தார் என்பது காணிக்கும் சொந்தமில்லை, ஆளுக்கும் சொந்தமில்லை. அது செய்கைக்குச் சொந்தமானது.

ஆகவே மூன்று தாள் போடுங்கள். ஆட்கள் ஒன்றில். காணிகள் ஒன்றில்: வாய்க்கால், காணி இலக்கம், பரப்பு. மூன்றாவதில் ஆள், காணி, வருடம், போகம், விதைத்த ஏக்கர். இரண்டு ஏக்கர் காணியை மூன்று பேர் செய்தால் மூன்றாவது தாளில் மூன்று வரி வரும், காணித் தாளில் ஒரு வரிதான். காலபோகத்துக்குப் புதிய வரிகள் சேரும், பழையது அழியாது. மூன்று வருடத்துக்கு முன் அந்த வயலை யார் செய்தார் என்று கேட்டாலும் பதில் இருக்கும்.

பெர்மிற், அதாவது காணி அனுமதிப்பத்திரம், யார் பெயரில் என்பதை இதற்குள் கலக்காதீர்கள், அதற்கு நாலாவது தாள். உரமானியம் பெர்மிற்காரருக்கா செய்கிறவருக்கா என்று கூட்டத்தில் வருகிற இழுபறியில் பாதி, இரண்டையும் ஒரே நிரலில் எழுதியதால் வருவது. மற்றப் பாதிக்கு என்னிடம் மருந்தில்லை.

ஒட்டுசுட்டான், அபிவிருத்தி உத்தியோகத்தர்: பயனாளிகள் பட்டியலில் அடையாள அட்டை இலக்கத்தையே முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரியையும் பிரித்தறிகிற நிரலாக) வைக்கலாம்தானே?

வைக்கவேண்டாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 முதல் வருகிற இலக்கம் பன்னிரண்டு. ஒரே அம்மா ஒரு தாளில் பழையதையும் இன்னொன்றில் புதியதையும் எழுதிக் கொடுத்தால் உங்கள் கணினிக்கு இரண்டு அம்மா. அதோடு, அந்த இலக்கத்துக்குள் பிறந்த வருடமும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது (பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்), பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் அது தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கோ அட்டையே இல்லை. பொருளே இல்லாத ஒரு தொடர் இலக்கத்தைச் சாவியாக வையுங்கள், அடையாள அட்டை இலக்கம் தனி நிரலில் இருக்கட்டும். கொட் தானே 1979இல் தன் மாதிரியை விரித்தெழுதியபோது இப்படியான பதிலிச் சாவியைக் கொண்டுவந்தார்.

மாங்குளம், பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: குடும்ப விபரம் பதிகிற மென்பொருளில் “இறந்த திகதி” என்று ஒரு பெட்டி. வெறுமையாக விட்டால் உயிரோடு இருப்பதாகக் கணக்கெடுக்கிறது. என் அண்ணன் 2009இலிருந்து இல்லை. நான் எதை எழுதுவது?

அக்கா, அந்தப் பெட்டியில் நீங்கள் எதையும் எழுதவேண்டாம். பிழை மென்பொருளை வடிவமைத்தவருடையது. வெறுமை என்பதற்கு அவர் ஒரே ஒரு பொருள்தான் வைத்திருக்கிறார். உண்மையில் குறைந்தது இரண்டு இருக்கிறது: பெறுமானம் இருக்கிறது ஆனால் தெரியாது என்பது ஒன்று, இந்த ஆளுக்கு அந்தப் பெறுமானமே பொருந்தாது என்பது மற்றது. கொட் பிற்காலத்தில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு குறி வேண்டும் என்று வாதாடினார். பலர் அதை வீண் சிக்கல் என்றார்கள். உங்கள் அண்ணனுடைய நிலைமையில் இந்த இரண்டில் எது என்பதே தெரியாது. இந்தக் கேள்விக்குப் பிறகு அது வீண் சிக்கல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டமும் அந்த இடத்துக்கு வந்துதான் சேர்ந்தது. 2016இல் செய்த திருத்தத்தோடு, மரணச் சான்றிதழ் இல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி வந்தது. ஆகவே வடிவமைத்தவரிடம் “நிலை” என்று தனி நிரல் கேளுங்கள்: உயிரோடு உள்ளவர், இறந்தவர், காணாமற்போனவர். திகதி அதன் பிறகு. இது அரை மணித்தியால வேலை, முடியாது என்றால் நம்பாதீர்கள்.

செட்டிகுளம், ஒரு தாய்: மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இந்தத் துறையில் ஆராய்ச்சி என்கிறான். சோறு போடுமா தம்பி?

போடும் அம்மா, கொஞ்சம் பிந்திப் போடும். நல்ல வகுப்புச் சித்தி எடுத்தால் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு முதுமாணி, கலாநிதி. வெளியே வேலைக்குப் போனாலும் தரவு வடிவமைக்கிற ஆளுக்கு வங்கி, காப்புறுதி, வைத்தியசாலை என்று எங்கும் இடமுண்டு. கணிதத்தை விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

பரந்தன், ஆசிரியர்: வயது நாற்பதை நெருங்குகிறது. ஆராய்ச்சிக்குப் பிந்திவிட்டதா?

கொட் 1923இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு ஐபிஎம்மில் வேலை செய்து, கலாநிதிப் பட்டம் எடுத்தது 1965இல். கணக்கை நீங்களே பாருங்கள் சேர்.

கிளிநொச்சி அறிவியல்நகர், மாணவன்: தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற எஸ்கியூஎல் மொழியை ஏஐயே எழுதுகிற காலத்தில் இது செத்த துறை இல்லையா?

எஸ்கியூஎல் எழுதுவது எப்போதுமே சின்னப் பகுதிதான். இராமநாதபுரத்து ஐயாவின் தாளை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். கூட்டல் சரியாகச் செய்தது, பெர்மிற்காரரும் செய்கிறவரும் வேறு ஆளா என்று கேட்கவே இல்லை. நீர் கேட்பீரா? முதலில் போஸ்ற்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை இலவசமாக இறக்கி, உமது வீட்டுக் கடைக் கொப்பியை அட்டவணையாக்கிப் பாரும். கடன் கொப்பியாக இருந்தால் இன்னும் நல்லது, அதில் வட்டி, பகுதிக் கட்டணம், “பிறகு தாறன்” எல்லாம் இருக்கும். எங்கே மாட்டுப்பட்டீர் என்று எழுதி அனுப்பும்.